மண்கரைக் குட்டை: கரையும் நிலைக்க, உயிர்களும் தழைக்க

மானாவாரி நிலத்தில் மழை நிதானமாகப் பெய்வதில்லை. ஆண்டு மழையில் பெரும் பங்கு சில நாட்களில், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடை வழியே சென்றுவிடும். பிறகு மூன்று வாரம் மழை தவறினால், விழுது இறங்கும் நிலக்கடலையும் கதிர் வாங்கும் சோளமும் வாடிப்போகும். நிலத்தில் சற்றுத் தாழ்வான மடக்கு இருந்தால், அதன் குறுக்கே ஒரு மண்கரை போட்டு, ஓடிப்போகும் நீரைத் தேக்கலாம். வாடும் வேளையில் ஓரிரு முறை நீர் பாய்ச்சிப் பயிரைக் காப்பாற்றலாம்.

இத்தகைய குட்டையில் நீர் நின்ற சில மாதங்களிலேயே தவளை, மீன், தும்பி, கொக்கு, மீன்கொத்தி, முக்குளிப்பான் எல்லாம் வந்து சேரும். அவை உழவனுக்கு நண்பர்களே. ஆயினும் பல இடங்களில் நடப்பது என்ன? முதல் இரண்டு ஆண்டுகள் குட்டை நன்றாக இருக்கும். அதன்பின் கரைமேல் வேலிக்காத்தானும் காட்டாமணக்கும் மண்டும். அந்தப் புதரில் பெருச்சாளி வளை தோண்டும். கலிங்கில் குப்பை அடைக்கும். ஐப்பசியில் ஒரு நாள் இரவு கனமழை பெய்து, விடிவதற்குள் கரை உடைந்திருக்கும். தேக்கிய நீரோடு மீனும் தவளையும் கீழ்நிலத்துப் பயிரும் போய்விடும்.

ஆகவே கரையைக் காப்பதும் உயிர்களைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணான வேலைகள் அல்ல. இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவே. கரை நீரைத் தாங்குவதற்கு. அதில் புல்லைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. நீர் வந்து சேரும் எதிர்ப்பக்கமாகிய உள்வாய் உயிர்களுக்கு. அதை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம். இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டு குட்டை அமைக்கும் முறையைக் காண்போம்.

சிறு கரைதானே என்று எண்ண வேண்டாம்

ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். ஓர் ஏக்கர் பரப்பில், கரையோரம் 2 மீட்டர் ஆழம் நீர் நிற்கும் குட்டையில் ஏறத்தாழ 2,700 கன மீட்டர், அதாவது 27 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். 2,700 டன் எடை ஒரே நேரத்தில் கீழே பாய்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1977ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் ஊருக்கருகே, ஒரு கல்லூரிக்குச் சொந்தமான மண் அணை விடியுமுன் உடைந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர்தான். கீழே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கு வந்த வெள்ளத்தை வெளியேற்றக் கலிங்கு போதவில்லை. நீர் கரைமேல் வழிந்தது. நடுவில் இருந்த கல் கட்டடம் நின்றது. இரு பக்கமும் இருந்த மண்கரைகள் கரைந்துபோயின.

இவை நம் குட்டையைவிட மிகப் பெரியவை. ஆனால் மண்ணின் இயல்பு எங்கும் ஒன்றே. மண்கரை தன் முன்னே நிற்கும் நீரைத் தாங்கும். தன் தலைமேல் வழியும் நீரைத் தாங்காது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்தப் பெருமழையில் தென் மாவட்டங்களில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. இவ்வளவு மழை நம் ஊரில் பெய்யாது என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

இடம் தெரிந்தெடுத்தல்

குட்டை முழுவதும் உங்கள் பட்டா நிலத்துக்குள் அமைய வேண்டும். ஓடைப் புறம்போக்கிலும், ஊர் ஏரிக்கோ கண்மாய்க்கோ நீர் கொண்டு செல்லும் வரத்து வாய்க்காலிலும் கை வைக்கக் கூடாது. அது கீழே உள்ளவர்களின் பாத்தியதை. உங்கள் நிலத்திலும் அதற்கு மேலுள்ள மேட்டிலும் விழுந்து வழியும் மழைநீர் மட்டுமே உங்கள் குட்டைக்குரியது.

கரை உடைந்தால் நீர் எந்த வழியாகப் போகும் என்பதை முதலில் நடந்து பாருங்கள். அந்த வழியில் வீடு, மாட்டுத் தொழுவம், பள்ளி, போக்குவரத்துள்ள சாலை ஆகியவை இருந்தால் அந்த இடம் ஆகாது. கரையின் உயரம் 3 மீட்டருக்கு (10 அடி) மேல் போக வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமானால் பொறியாளர் ஒருவர் திட்டமிட்டுத் தந்தாலன்றித் தொடங்கக் கூடாது. 3 மீட்டருக்கு உட்பட்ட கரைக்கும் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரிடம் இடத்தைக் காட்டி யோசனை கேட்பது நல்லது.

வாரி நிலம் எவ்வளவு என்பதையும் கணக்கிட வேண்டும். ஓர் எக்டர் நிலத்திலிருந்து 1 செ.மீ. அளவு நீர் வழிந்து வந்தால் அது 100 கன மீட்டர். 10 எக்டர் வாரியிலிருந்து வெறும் 2.7 செ.மீ. வழிந்தாலே மேலே சொன்ன ஓர் ஏக்கர் குட்டை நிரம்பிவிடும். வாரி மிகப் பெரிதானால் நீர் அதிகம் கிடைக்கும் என்று மகிழ வேண்டாம். கலிங்கையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டியிருக்கும். வண்டலும் விரைவில் சேரும்.

மண்ணைச் சோதித்தல்

கரை போடும் கோட்டிலும், மண் எடுக்கும் இடத்திலும் மூன்று நான்கு குழிகள் 1.5 மீட்டர் ஆழம் தோண்டி மண்ணைப் பாருங்கள். வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதல் சோதனை: ஒரு பிடி மண்ணை நீர் விட்டுப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். பிறகு கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கி நாடா போல் நீட்டுங்கள். 5 செ.மீ. நீளம் உடையாமல் வந்தால் களித்தன்மை போதும். உருண்டையே பிடிக்க வராத மணல் மண் நீரைத் தாங்காது.

இரண்டாம் சோதனை: ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரை ஊற்றி, சுண்டைக்காய் அளவு காய்ந்த மண் கட்டி ஒன்றை மெல்லப் போடுங்கள். தம்ளரை அசைக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி சரிந்து விழுந்தாலும் மேலே நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் எழுந்து பரவினால், அது நீரில் கரைந்து மிதக்கும் மண். களர் நிலங்களில் இது மிகுதி. இந்த மண்ணால் கட்டிய கரையில் சிறு வெடிப்பு விழுந்தாலும் நீர் அதற்குள் புகுந்து, உள்ளுக்குள்ளேயே அரித்துக் குழல் போல் வழி உண்டாக்கிவிடும். இதை எக்காரணம் கொண்டும் கரைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சுத்தக் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வேறு மண் கிடைக்காவிடில் கரிசலைக் கரையின் உள்நடுவில் வைத்து, வெளிப்பக்கம் முழுவதும் சரளை கலந்த செம்மண்ணால் போர்த்த வேண்டும்.

கரை கட்டும் முறை

முதலில் கரை அமையும் இடத்தில் புல், வேர், கட்டை அனைத்தையும் அகற்றி, மேல்மண்ணை 15 முதல் 30 செ.மீ. வரை வழித்துத் தனியே குவியுங்கள். வேர் உள்ளே சிக்கினால் பின்னாளில் மக்கி, நீர் போகும் துளையாக மாறும்.

அடுத்து, கரையின் நடுக்கோட்டில் முழு நீளத்துக்கும் குறைந்தது 1 மீட்டர் அகலத்தில் ஓர் அடிப்பள்ளம் எடுங்கள். மணலையும் சரளையையும் தாண்டி, நீர் இறங்காத கெட்டி மண் வந்த பிறகும் 50 செ.மீ. உள்ளே செல்ல வேண்டும். இதை நல்ல களிமண்ணால் நிரப்பித் திமிசு கொண்டு இடித்து இறுக்க வேண்டும். இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டால் நீர் கரைக்கு அடியிலேயே வழி கண்டுகொள்ளும்.

கரை மண்ணை 15 செ.மீ. கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கிய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். மண் ஈரப் பதத்தில் இருப்பது முக்கியம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஆனால் விரலிடுக்கில் சேறு வழியக் கூடாது. உருளை கிடைக்காத இடத்தில் மண் நிரப்பிய டிராக்டர் பெட்டியை முன்னும் பின்னும் பலமுறை ஓட்டலாம்; ஆட்டுக் கிடையை ஓட்டி மிதிக்கச் செய்வதும் உண்டு. பொக்லைன் கொண்டு ஒரே நாளில் மண்ணை வாரிக் குவித்துவிட்டு, மழை வந்தால் தானே இறுகிக்கொள்ளும் என்று விடுவதே பல கரைகள் முதல் ஆண்டிலேயே போவதற்குக் காரணம்.

3 மீட்டர் உயரக் கரைக்கு ஏற்ற அளவுகள் வருமாறு:

உச்சியின் அகலம்: 2 மீட்டர்.
உள்சரிவு (நீர்ப்பக்கம்): 1 மீட்டர் உயரத்துக்கு 2.5 மீட்டர் அகலம்.
வெளிச்சரிவு: 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் அகலம்.
அடியின் அகலம்: 15.5 மீட்டர்.
கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை உயரம்: 1 மீட்டர்.
மண் அமர்வதற்காகக் கூட்டிப் போட வேண்டியது: உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 செ.மீ.

இந்த அளவில், மிக உயரமான பகுதியில் ஒரு மீட்டர் நீளக் கரைக்கு ஏறத்தாழ 26 கன மீட்டர் மண் வேண்டும். செலவைக் கணக்கிட இது உதவும். மண்ணைக் குட்டைக்குள்ளிருந்தே எடுக்கலாம். ஆனால் கரையடியிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே தோண்டுங்கள். முதலில் வழித்துக் குவித்த மேல்மண்ணைக் கடைசியில் வெளிச்சரிவின் மேல் பரப்பினால் புல் நன்கு பிடிக்கும்.

கரையை ஊடுருவிச் செல்லும் குழாய் வைக்க வேண்டாம். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண் சரியாக இறுகாது. அந்த இடுக்கில்தான் நீர் முதலில் கசியும். சிறு குட்டைக்குக் கரைமேல் குழாய் போட்டு மோட்டாரால் இறைப்பதே பாதுகாப்பானது.

கலிங்கே கரையின் உயிர்

தென் மாவட்டங்களில் மறுகால் என்று சொல்லப்படும் கலிங்கு, நிரம்பிய பின் வரும் நீரைக் கரைக்கு ஊறு இன்றி வெளியேற்றும் வழி. இதைப் புதிதாகப் போட்ட கரை மண்ணில் வெட்டக் கூடாது. கரையின் ஏதேனும் ஒரு கோடியில், கையால் தொடாத கெட்டி நிலத்தில் அமைக்க வேண்டும். தளம் சமமட்டமாக இருக்க வேண்டும். வெளியேறும் நீர் கரையின் அடிவாரத்தை அரிக்காமல், விலகிச் சென்று பழைய ஓடையில் சேர வேண்டும். தளத்திலும் இறங்கும் சரிவிலும் புல் வளர்த்து, வேகம் மிகும் இடத்தில் கல் பாவுங்கள்.

அகலத்தை எவ்வாறு கணக்கிடுவது? 10 எக்டர் வாரியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்து, அதில் நூற்றுக்கு 40 பங்கு வழிந்து வந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 1,100 லிட்டர் நீர் வரும். 4 மீட்டர் அகலக் கலிங்கில் 30 செ.மீ. ஆழம் நீர் வழிந்தால் இதை வெளியேற்றிவிடலாம். ஆனால் நிலம் ஏற்கெனவே நனைந்து ஊறியிருக்கும்போது நூற்றுக்கு 60 பங்கு வழிவதும் உண்டு. அப்போது 6 மீட்டர் அகலம் வேண்டும். ஆகவே 10 எக்டர் வாரிக்கு 6 மீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் அகலத்துக்கு ஆகும் செலவு சிறிது. கரை போனால் எல்லாம் போகும்.

கலிங்கு சம்பந்தமாக இரண்டு பழக்கங்களை அறவே விட வேண்டும். ஒன்று, இன்னும் ஒரு முழம் நீர் நிற்கட்டும் என்று கலிங்கில் மண் மூட்டை அடுக்குவது. கரைக்கும் கலிங்குக்கும் இடையில் உள்ள 1 மீட்டரில் 45 செ.மீ. இதனால் போய்விடும். அதன்மேல் 30 செ.மீ. வெள்ளம் வழிந்தால் எஞ்சுவது 25 செ.மீ. மட்டுமே. காற்றில் எழும் அலையும் கரையில் உள்ள ஒரு தாழ்வான இடமும் அதை முடித்துவிடும். மற்றொன்று, மீன் வெளியேறாமல் இருக்கக் கலிங்கின் குறுக்கே வலை கட்டுவது. வெள்ளத்தில் வரும் சருகும் செத்தையும் வலையில் படிந்து சுவர் போல் அடைக்கும். சில மீன்கள் போனால் போகட்டும். கரை உடைந்தால் ஒன்றும் மிஞ்சாது.

கரைக்குப் புல் மட்டும்

கரையின் இரு சரிவிலும் அருகம்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவற்றை நடுங்கள். வெளிச்சரிவில் குறுக்கு வரிசைகளாக வெட்டிவேர் நட்டால் மண் நன்கு பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை புல்லை அறுத்து மாட்டுக்குப் போடலாம். புல் தாழ்வாக இருந்தால்தான் வளையும் வெடிப்பும் ஈரமும் கண்ணில் படும். நனைந்த கரையில் மாடுகளை ஏற்றி மேய்க்காதீர்கள்; குளம்பு பட்ட தடமே மழையில் வாய்க்காலாகும்.

கரைமேல் மரம் ஆகாது. வளரும்போது வேர் கரையைத் துளைக்கும். மரம் பட்டபின் அந்த வேர் மக்கிக் குழலாகும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரை மண்ணும் பெயரும். ஏரிக்கரைகளில் பனை நிற்கவில்லையா என்று கேட்கலாம். ஏரிக்கரை அகலமானது, பனைக்கு ஆணிவேர் இன்றி நார்வேரே உண்டு. 2 மீட்டர் உச்சியுள்ள நம் கரைக்கு அந்த வசதி இல்லை. பனையோ வேறு மரமோ வேண்டுமானால், வெளி அடிவாரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நடுங்கள்.

எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று ஆகியவற்றைக் கண்டவுடன் முடிவு வரை தோண்டி, ஈரக் களிமண் இட்டு இடித்து அடையுங்கள். வாயை மட்டும் மண்ணால் மூடுவதில் பயன் இல்லை. உள்ளே உள்ள வெற்றிடம் அப்படியே இருக்கும்.

உள்வாயை உயிர்களுக்கு விடுங்கள்

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். நீர் வந்து சேரும் உள்வாயில் நிலம் இயல்பாகவே மெல்லச் சரிந்திருக்கும். அதைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டாம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் சரிவு இருந்தால், முழங்காலுக்கு மேற்படாத நீர் அகன்ற பரப்பில் நிற்கும். தவளை முட்டையிடுவதும், தலைப்பிரட்டை வளர்வதும், மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும், கொக்கு நின்று இரை தேடுவதும் இங்கேதான். தை, மாசியில் நீர் வற்றிப் பின்வாங்கும்போது தெரியும் சேற்றில், வடக்கேயிருந்து வலசை வரும் உள்ளான்கள் புழு பொறுக்கும்.

இங்கு கோரையும் சம்பும் ஓரமாக வளரலாம். நாமக்கோழியும் தாழைக்கோழியும் அதில் மறைந்து கூடு கட்டும். ஆனால் ஆகாயத் தாமரை ஒரு செடி தென்பட்டாலும் உடனே எடுத்துக் கரையேற்றிக் காயப் போடுங்கள். உள்வாய்க்கு மேலே, நீர் எட்டும் எல்லையில், கருவேல், நீர்க்கடம்பு, நீர்மருது ஆகிய மரங்களை வைக்கலாம். நீர்க்கடம்பும் கருவேலும் சில மாதம் நீரில் நின்றாலும் தாங்கும்.

நீர் நுழையும் இடத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி எடுத்து, அதற்கு மேலே வெட்டிவேர் வரிசை ஒன்று நடுங்கள். வண்டல் குட்டைக்குள் போகாமல் குழியில் தங்கும். கோடையில் அதை அள்ளி வயலுக்கு அடிக்கலாம்.

கொசு பெருகுமே என்ற அச்சம் வேண்டாம். மீனும் தும்பியின் இளம்பருவமும் உள்ள நீரில் கொசுப்புழு பெரும்பாலும் அவற்றுக்கு இரையாகிவிடும். நம் ஊர் கெண்டை, அயிரை போதும். ஜிலேபிக் கெண்டையை விட்டால் அது அளவின்றிப் பெருகி மற்றவற்றை நெருக்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது அரசால் தடை செய்யப்பட்டது. அதை விடவே கூடாது.

தவளையைத் தேடிப் பாம்பும் வரும். நீரில் காணும் தண்ணீர்ப் பாம்பு நஞ்சற்றது, அடிக்க வேண்டாம். ஆனால் எலியைத் தேடி நாகமும் விரியனும் வரக்கூடும். இரவில் மோட்டார் போடச் செல்பவர்கள் கைவிளக்கும் செருப்பும் இன்றிப் போகக் கூடாது.

கடைசித் தண்ணீர்

கோடையில் பயிர் வாடும்போது குட்டையின் அடிச்சேறு வரை இறைத்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்தால் அந்த ஆண்டு வளர்ந்த மீனும் ஆமையும் அன்றோடு முடியும். அடுத்த மழைக்கு விதை இராது.

இதற்கு ஒரு வழி உண்டு. குட்டையின் நடுவில், கரையடியிலிருந்து 10 மீட்டர் தள்ளி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் மேலும் 1 மீட்டர் ஆழமான குழி ஒன்று எடுங்கள். குழியின் விளிம்பில் ஒரு கல்லை நட்டு, மோட்டாரின் ஃபுட்வால்வு அந்த மட்டத்துக்குக் கீழே இறங்காதபடி கட்டிவிடுங்கள். குழியில் தங்குவது வெறும் 25 கன மீட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. நீர் பாய்ச்ச 200 கன மீட்டர் வேண்டும். ஆகவே இந்த நீரை இறைத்தாலும் எட்டில் ஒரு பங்கு ஏக்கர்தான் நனையும். உங்களுக்குச் சிறு இழப்பு. குட்டைக்கு அதுவே வாழ்வு.

தெளிப்பான், மருந்துப் புட்டி, மருந்து கலந்த வாளி எதையும் குட்டையில் கழுவாதீர்கள். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்தடித்த வயலின் வடிநீர் நேரே குட்டைக்கு வராதபடி, இடையில் 5 மீட்டர் அகலப் புல்தரையாவது இருக்கட்டும்.

குட்டைக்குள் கால்நடை இறங்க, கரைக்கு எதிர்ப்பக்கம் மெல்லிய சரிவுள்ள ஒரு பாதை அமைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட செங்குத்தான குட்டைகளில் விழும் ஆடும் மானும், ஏன் குழந்தைகளும், வழுக்கி ஏற முடியாமல் மூழ்கிவிடும். அத்தகைய குட்டை வைத்திருப்போர் வேலி போடுவதோடு, நான்கு பக்கமும் முடிச்சுக் கயிறு தொங்கவிட வேண்டும்.

உயிர்களால் வரும் பயன்

தவளை இரவு முழுவதும் பூச்சியைத் தின்னும். நம் நாட்டிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதி ஒரு காலத்தில் பெருமளவில் நடந்தது; வயல்களில் தவளை குறைவதைக் கண்டு 1987இல் அது தடை செய்யப்பட்டது. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்னும். தானியம் பொறுக்கும் குருவிகள்கூடத் தம் குஞ்சுகளுக்குப் புழு பூச்சியையே ஊட்டுகின்றன. கதிர் முற்றும் சமயம் பறவைகளால் சிறிது சேதம் உண்டு என்பது உண்மையே. அதை ஒட்டுமொத்தப் பயனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றியுள்ள உழவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்தவர்கள். அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டர்தான். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலப்பதால், அந்த நீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே போதும் என்று உணர்ந்து, இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் பறவைகளைக் காத்து வருகின்றனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பகுதியில் பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்கள் உள்ளன. உங்கள் ஓர் ஏக்கர் குட்டை வேடந்தாங்கல் ஆகிவிடாது. ஆனால் அதே முறை சிறிய அளவில் இங்கும் வேலை செய்யும்.

ஆண்டு முழுவதும் கவனம்

பங்குனி, சித்திரையில் வண்டல் குழியை அள்ளுங்கள், வெடிப்புகளை அடையுங்கள். ஆவணியில் கரைப்புல்லை அறுத்து, வளைகளைத் தேடி அடையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் கலிங்கைச் சுத்தம் செய்து, கரையின் உச்சி ஒரே மட்டமாக உள்ளதா என்று நீர்மட்டக் குழாய் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் மண் கூட்டி இடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு கனமழைக்குப் பின்பும் வெளிச்சரிவின் அடிவாரத்தை முழு நீளமும் நடந்து பாருங்கள். புதுக் கரைக்கு முதன்முறை நீர் நிரம்பும் நாட்களே மிகவும் ஆபத்தானவை. அப்போது தினமும் பாருங்கள்.

அடிவாரத்தில் சிறிது ஈரம் இருப்பது இயல்பு. தெளிந்த நீர் மெல்லக் கசிந்தால் ஒரு குச்சி நட்டு அளவைக் கவனித்து வாருங்கள். கசியும் நீர் கலங்கலாக வந்தால் தாமதிக்கக் கூடாது. கலங்கல் என்பது கரையின் உள்மண் வெளியேறுகிறது என்பதன் அடையாளம். அப்போது செய்ய வேண்டியவை:

முதலில் கீழே உள்ளவர்களை எச்சரித்து மேட்டுக்கு அனுப்புங்கள்.
கிடைக்கும் மோட்டார்களை எல்லாம் வைத்து நீரை இறைத்து மட்டத்தைக் குறையுங்கள்.
கலிங்கில் அடைப்பு இருந்தால் நீக்குங்கள்.
கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். நீர் வேறு இடத்தில் பீறிடும். அதன்மேல் முதலில் மணல், அடுத்து சரளை, அதற்கு மேல் கல் என்ற வரிசையில் போடுங்கள். நீர் வெளியேறும்; மண் தங்கும்.
எந்நிலையிலும் கரையை வெட்டி விடாதீர்கள். வெட்டிய வாய் சில நிமிடங்களில் விரிந்து கரையையே கொண்டுபோகும்.
கரைமேல் நீர் வழியத் தொடங்கிவிட்டால் எவரும் அதன்மேல் நிற்கக் கூடாது. கரையை மறந்து ஆட்களைக் காப்பாற்றுங்கள்.

மண்கரைக் குட்டை ஒருமுறை வெட்டி மறந்துவிடும் வேலை அன்று. மாட்டைப் போல், கிணற்றைப் போல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டிய சொத்து. உழவர் பெருமக்கள் அகன்ற கலிங்கு வைத்து, கரையில் புல்லை மட்டும் வளர்த்து, உள்வாயைத் தவளைக்கும் பறவைக்கும் விட்டு, கடைசித் தண்ணீரை மீனுக்கு மிச்சம் வைத்தால், வறண்ட ஆண்டிலும் பயிருக்கு ஒரு நனைப்பு கிடைக்கும். வரும் பருவமழைக்கு முன் உங்கள் குட்டையின் கரையை ஒரு முறை நடந்து பார்த்து, குறை இருப்பின் இப்போதே சரிசெய்து பயன் பெறுவீர்களாக.